ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம், தோட்டத்துச் சாப்பாடு மட்டும் கூடவே வந்துவிட்டது: இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) பற்றிப் பேசுவோம்

பால்மரக்காடு (சுங்கை சிப்புட்)

போன மாதம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு துக்க வீடு. மதியம் ஒரு மணி வெயில். பெரியப்பா முறை வரும் ஒருவர் பந்தலிலிருந்து எழுந்து ரோட்டைக் கடந்து போனார். அவருடைய ஒரு செருப்பு நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது. தார் கொதிக்கிறது, வலது கால் வெறுங்கால், அவர் பாட்டுக்கு நிதானமாக நடந்து போகிறார். செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி, "பெரியப்பா, செருப்பு" என்றேன். குனிந்து காலைப் பார்த்தார். "அட, ஆமாம்" என்று மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

மறுநாள் உள்ளங்காலில் கொப்புளம். அதற்கு அடுத்த வாரம் சீழ். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பெருவிரலை எடுக்க வேண்டி வரும் என்கிறார்கள். வயது 58. இனிப்பு நீர் இருப்பது அவருக்கு 12 வருடமாகத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு. மலேசியச் சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். ரத்தக் கொதிப்பு 29.2 விழுக்காடு, ரத்தத்தில் கொழுப்பு கூடியவர்கள் 33.3 விழுக்காடு. எடை கூடியவர்களும் பருமனானவர்களும் சேர்ந்தால் 54.4, அதாவது பாதிக்கு மேல். இது மொத்த மலேசியர்களின் கணக்கு. 2019 ஆய்வை இனவாரியாகப் பார்த்தால் நெஞ்சு பகீர் என்கிறது: சீனர்களில் 15.1, இந்தியர்களில் 31.4. நம் வீட்டுப் பந்தியில் பெரியவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்தால் மூன்று பேருக்கு இருக்கிறது.

என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நாலு மணிக்கு எழுந்து, ஐந்தரைக்குப் பெரட்டுக்களத்தில் (ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) நின்று, இருட்டோடு காட்டுக்குள் போனால் 500 மரம். ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து நிமிர வேண்டும். அப்புறம் பாலெடுத்து, இரண்டு வாளியைக் காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) தூக்கிக்கொண்டு ஸ்டோர் வரை நடை. தூக்குச்சட்டி நிறையச் சோறு, டின் பால் ஊற்றிய தேத்தண்ணி. அந்த உடம்புக்கு அது தேவைப்பட்டது. நான் தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நின்று மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் என் தட்டில் சோற்று மேடு அப்பாவின் மேடுதான், தேத்தண்ணியும் அப்பாவின் தேத்தண்ணிதான். எனக்கு 41 வயது. இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை. பயம்தான் காரணம்.

உங்கள் ஊரில் எப்படி இருக்கிறது? யாராவது இதிலிருந்து மீண்டிருக்கிறீர்களா?

ரவாங்காரன்

வருத்தமாக இருக்கிறது அண்ணே. ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நமக்கெல்லாம் தெரியாமலா இருக்கிறது? ராத்திரி பதினொரு மணிக்கு ரொட்டி சானாய் சாப்பிட்டால் உடம்பு என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வாயைக் கட்டுவதில்லை, நடப்பதில்லை. அரசாங்கத்தைச் சொல்லியும் பயனில்லை, தோட்டத்தைச் சொல்லியும் பயனில்லை. நான் 2021இல் 96 கிலோ. தினமும் 5 கிலோமீட்டர் நடந்து 79க்கு வந்தேன். மனம் வைத்தால் முடியும்.

ராத்திரி ஜாகா (சுங்கை சிப்புட்)

ரவாங் தம்பி, நீங்கள் எடை குறைத்தது சந்தோஷம். என் நாளையும் ஒருமுறை கேளுங்கள்.

எனக்கு ஜாகா வேலை, அதாவது காவல். மாலை 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை 12 மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். நாலுக்கு ஆறடிக் கொட்டகை, ஒரு காற்றாடி, ஒரு நாற்காலி. கம்பிக் கதவைத் திறந்து மூடுவதுதான் உடல் உழைப்பு. இரண்டு மணிக்குக் கண் சொக்கும். கண் சொக்கினால் வேலை போய்விடும். அதனால் ஒன்பது மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, விடிகாலையில் ஒன்று என்று நாலு பாக்கெட் தே தாரிக், டின் பால் ஊற்றி ஆற்றிய தேத்தண்ணி. அந்த நேரத்தில் திறந்திருப்பது எதிரில் உள்ள 24 மணி நேரக் கடை மட்டும்தான். அங்கே என்ன இருக்கும்? ரொட்டியும் மீ கோரேங்கும்தான்.

காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் மதியம் ஒரு மணிக்கு எழுவேன். அந்த வெயிலில் எங்கே நடப்பது? எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் நடைபாதை கிடையாது, ரோட்டோரம் முழுக்கச் செம்பனை லோரி. சாயங்காலம் நடக்கலாம் என்றால் தெருநாய்க் கூட்டம். இதையெல்லாம் சாக்கு என்று நினைக்காதீர்கள். சோம்பேறிகள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால் எனக்கு வலிக்கிறது. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன்.

ஒட்டுக்கடை மகள் (கோல சிலாங்கூர்)

அண்ணே, அந்த நாலு பாக்கெட் கணக்கைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அதைக் கலக்கி விற்பவர்கள் நாங்கள்தான். எங்கள் அம்மா 19 வருடமாக ஒட்டுக்கடை (சின்னச் சாப்பாட்டுக் கடை) வைத்திருக்கிறார். பசியாற வருபவர்களில் பாதிப் பேர் பழைய தோட்டத்து ஆட்கள்.

நேற்றுக் கடை மூடிய பிறகு ஒரு வேலை செய்தேன். கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசில் காலிக் கிளாஸை வைத்துப் பூஜ்யமாக்கினேன். அம்மாவிடம், "எப்போதும் ஊற்றுகிற மாதிரி ஊற்றும்மா" என்றேன். டின்னைச் சாய்த்தார். கை பழகிய கை, நூல் மாதிரி இறங்கி, அடியில் மடிப்பு மடிப்பாக விழுந்தது. தராசு 47 கிராம் காட்டியது. டின்னின் பின்பக்கத்தைப் படித்தேன்: 100 கிராமில் சர்க்கரை 55 கிராம். கூட்டிக் கழித்தால் ஒரு கிளாஸில் ஏறக்குறைய 26 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது, எந்தக் காரணத்தாலும் 50ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அண்ணன் ஒரு ராத்திரியில் 100க்கு மேல் குடிக்கிறார். அம்மா தராசைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று கேட்டுவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறோம். அம்மா அதற்கு ஊற்றியதை நிறுத்துப் பார்த்தேன், 36 கிராம். இனிப்பு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவே. பால் இல்லாமல் முடியாது என்பவர்கள் தே சி கோசோங் கேளுங்கள், அதில் இனிப்பில்லாத டின் பால்தான் போகும். முடியும் என்றால் தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி. எங்கள் கடையில் அதற்கு விலையும் குறைவு.

அரசாங்கம் 2019 ஜூலையில் இனிப்பு பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் வரி. 2024இல் 50 காசு, 2025 ஜனவரியில் 90 காசு. நல்லதுதான், டின் பானங்களில் கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்திருப்பது லேபிளைப் படித்தால் தெரிகிறது. ஆனால் அந்த வரி கடையில் கையால் கலக்கும் தேத்தண்ணியைத் தொடுவதில்லை. சீனியோ கட்டுப்பாட்டு விலையில் கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 85 காசு. ஒரு கட்டுக் கீரையை விடச் சீனி மலிவாகக் கிடைக்கும் ஊரில் நாம் இருக்கிறோம்.

மிசி அக்கா (தைப்பிங், ஓய்வு)

நான் 31 வருடம் அரசாங்கக் கிளினிக்குகளில் மிசியாக (நர்ஸாக) இருந்தவள். முதலில் இழையை ஆரம்பித்த தம்பிக்கு. பயமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, எங்கள் முன்னால் உட்காருபவர்கள் எல்லாருமே அதைத்தான் சொல்வார்கள். 2023 ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது: 18 முதல் 29 வயதுக்குள் இனிப்பு நீர் உள்ளவர்களில் 84 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. வலியே இல்லாத நோய் இது. தாகம், அடிக்கடி சிறுநீர், ஆறாத புண் என்று வந்து நிற்கும்போது பல வருடம் ஓடிப்போயிருக்கும்.

அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான். 40 வயதைத் தாண்டி, குடும்பத்துக்கு அரசாங்க உதவித்தொகை வருகிறது என்றால் 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ உதவித்தொகை வந்தாலும் நீங்கள் போகலாம். திட்டத்தில் பதிந்த தனியார் கிளினிக்கிலும் செய்கிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி என்ற சோதனையும் அதில் உண்டு. மலேசியாவில் அது 6.3 அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்பு நீர் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் மாத்திரை. "மிசி, மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும், அதனால் நிறுத்திவிட்டேன்" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். நாட்டில் 50,000 பேருக்கு மேல் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள், புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் காரணம் இனிப்பு நீர்தான். கிட்னி பலவீனமானால் சில மாத்திரைகளின் அளவை டாக்டர் குறைப்பார், சிலவற்றை நிறுத்துவார். அதைப் பார்த்துவிட்டு மாத்திரையால்தான் கிட்னி போனது என்று கதை பரவுகிறது. பாகற்காய் சாப்பிடுங்கள், வெந்தயம் சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடு. மாத்திரையை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்பாதீர்கள்.

பெரியப்பாவின் காலைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பழைய முகங்கள் எல்லாம் வந்து போயின. சர்க்கரை பல வருடம் ஏறியே இருந்தால் பாதத்தில் நரம்பு மரத்துவிடும். சூடு தெரியாது, முள் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் காலைக் காட்டிப் பாருங்கள். சப்பாத்தைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். ஒருமுறை ஒருவர் கல் கிடந்த சப்பாத்தோடு நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்தார். காலாணியைப் பிளேடால் சீவாதீர்கள், சுடுதண்ணீரில் காலை வைக்காதீர்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள், தீ மிதிப்பவர்கள் காப்புக் கட்டும் முன் ஒருமுறை கிளினிக்கில் பாதத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். மரத்த காலுக்குச் சுட்டது தெரியாது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

பீடோங் பையன்

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

தோட்டத்தில் குடிப்பழக்கத்தை யார் வளர்த்தது? கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். சம்பளம் வாங்கி நாலடி வைத்தால் கள்ளுக்கடை. 1941இல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, சம்பள உயர்வு கேட்டதோடு கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். துரை எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்று சொன்னதும் அதே போராட்டத்தில்தான். போர் முடிந்து 1946, 47இல் கெடாவில் ஏ.எம்.சாமி தொண்டர் படையைக் கட்டினார். பீடோங் ஹார்வர்ட் தோட்டம்தான் அதன் மையம். கள்ளுக்கடை வாசலில் மறியல், குடிக்கப் போகிறவனைத் திருப்பி அனுப்புவது என்று தோட்டத்து இளைஞர்களே முன்னால் நின்றார்கள். போலீஸ் தடியோடு வந்தது.

ரவாங் அண்ணே, அவர்களும் மனம் வைத்தவர்கள்தான், ஆனால் தனித்தனியாக இல்லை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்தார்கள். கடை வாசலில் ஒருவனை மட்டும் "நீ அடக்கமாக இரு" என்றால் அவன் எப்படி ஜெயிப்பான்? அப்புறம் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது, இன்னும் என்னென்னவோ வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த சாராயத்தால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நினைவிருக்கும், அதில் நிறையப் பேர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இன்று தோட்டத்தில் நம் இடத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

தாமான் அம்மா (சுங்கை சிப்புட்)

நான் பேச நினைத்தது கீரையைப் பற்றி. லயத்தில் இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, பசலை, ஒரு பப்பாளி, கூண்டில் நாலு கோழி. என் மாமியார் கீரைக்குக் காசு கொடுத்ததே இல்லை. தோட்டத்தை விற்றார்கள், எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். வாங்கிய மலிவு விலை வீடு மூன்றாவது மாடி. முருங்கையை எங்கே நடுவேன்? இப்போது கீரை என்றால் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காசு கொடுத்து வாங்க வேண்டும். மாதக் கடைசியில் முதலில் வெட்டு விழுவது காய்கறிக்குத்தான், அரிசிக்கு இல்லை.

நாட்டில் பெரியவர்களில் 94.9 விழுக்காட்டினர் போதிய காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்று 2019 ஆய்வு சொன்னதாகப் படித்தேன். எனக்கு ஆச்சரியமே இல்லை.

சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" (கால், கால், அரை) என்று ஒரு தட்டைக் காட்டுகிறதே, கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, அரைத் தட்டு காயும் பழமும். அதை என் பையன் பள்ளியில் படித்துவிட்டு வந்து என் தட்டைக் காட்டி, "அம்மா, உங்களுடையது முக்கால் தட்டு சோறு" என்றான். அன்றைக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. மறுநாளிலிருந்து சோற்றுக் கரண்டியை மாற்றிவிட்டேன், இட்லி மாவுக் கரண்டிக்குப் பதிலாகக் குழம்புக் கரண்டி. மூன்று கரண்டி போட்டாலும் பழைய ஒன்றரைதான் வரும். பால்கனியில் எண்ணெய் டின் ஆறு வைத்துப் பசலை போட்டிருக்கிறேன், கொடி கம்பியைப் பிடித்து ஏறி வருகிறது. ஜாகா அண்ணன் எந்த புளோக் என்று சொல்லுங்கள், தண்டு ஒடித்துத் தருகிறேன். நட்டால் பிடித்துக்கொள்ளும்.

ரவாங்காரன்

ஜாகா அண்ணே, மன்னிக்க வேண்டும். எனக்கு ஆபீஸ் வேலை, ஐந்தரைக்கு முடியும், வீட்டுக்கு எதிரிலேயே பூங்கா இருக்கிறது. அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். 12 மணி நேரம் உட்கார்ந்தே இருப்பவர் மணிக்கு ஒருமுறை எழுந்து வேலியைச் சுற்றி ஐந்து நிமிடம் நடந்தாலும் சர்க்கரைக்கு நல்லது என்று என் டாக்டர் சொன்னார். முடிந்தால் பாருங்கள்.

பால்மரக்காடு (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் நன்றி. இரண்டு செய்தி.

ஒன்று, போய்ச் சோதித்துவிட்டேன். எச்.பி.ஏ.1சி 5.9. இன்னும் இனிப்பு நீர் இல்லை, ஆனால் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று டாக்டர் சொன்னார். இடுப்பைச் சுற்றி அளந்தார்கள், 98 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டுமாம், பெண்களுக்கு 80.

இரண்டாவது, எங்கள் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசினேன். வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் சிவப்பு சிரப் தண்ணி ஒரு டிரம் நிறையக் கலக்குவோம். அதை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் வைக்கலாம் என்றேன். பாயசத்தைச் சின்னக் கிண்ணத்தில் கொடுக்கலாம் என்றேன். ஒரு பெரியவர் எழுந்து, "சாமிக்குப் படைப்பதில் கணக்குப் பார்ப்பதா?" என்று கேட்டார். வாக்குவாதம் முக்கால் மணி நேரம். கடைசியில் தலைவரின் மனைவி எழுந்து நின்றார். அவர் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர், கையில் ஊசி போடும் இடம் புடைத்திருக்கும். அந்தக் கையை மேசை மேல் வைத்து, "சாமிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் படையுங்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுங்கள்" என்றார். சிரப் நின்றது. போன வெள்ளிக்கிழமை சீரகத் தண்ணீர் பாதி மிஞ்சியது, பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். இந்த வாரமும் அதையே வைக்கிறோம்.

ராத்திரி ஜாகா (சுங்கை சிப்புட்)

தாமான் அம்மா, பசலைத் தண்டு வந்து சேர்ந்தது, நட்டாயிற்று. கொட்டகைக்குப் பிளாஸ்கில் தே ஓ கோசோங் கொண்டு போகிறேன். முதல் நாலு ராத்திரி தலைவலி, இப்போது இல்லை.

நானும் கிளினிக் போனேன். 8.4. மிசி அக்கா சொன்னபடி பயப்படாமல் கேட்டுக்கொண்டேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கண்ணையும் காலையும் பார்க்க வேறொரு நாள் வரச் சொன்னார்கள். அக்கா, ஒரு சந்தேகம். உறையில் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று போட்டிருக்கிறது. எனக்கு காலை என்பது தூங்கப் போகும் நேரம். பெரிய சாப்பாடு மதியம் இரண்டு மணிக்கும் ராத்திரி பன்னிரண்டுக்கும்தான். எப்போது போடுவது?

மிசி அக்கா (தைப்பிங், ஓய்வு)

தம்பி, நல்ல வேளை கேட்டீர்கள். இதை நானாகச் சொல்லக் கூடாது, என்ன மாத்திரை என்பதைப் பொறுத்தது. சில மாத்திரைகளைச் சாப்பிடாமல் போட்டுவிட்டுத் தூங்கினால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். உறையை எடுத்துக்கொண்டு நாளைக் காலை வேலை முடிந்த கையோடு கிளினிக் மருந்துக் கவுண்டருக்குப் போங்கள். ராத்திரி வேலை என்று சொல்லுங்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். உங்கள் நேரத்துக்கு மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போடுங்கள். போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.